பலகைக்கு நேரே ஒரு விரல்

ஒரு நாளைக்கு நூற்றெழுபது தடவை ஆள்காட்டி விரலை நீட்டுகிறேன். யாரையும் குற்றம் சொல்ல அல்ல. சுரங்க ரயிலில் கண்டக்டர் வேலை அப்படி.

எட்டுப் பெட்டி வண்டியில் என் கேபின் ஐந்தாவது பெட்டியில், ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது. வண்டி நிலையத்துக்குள் வந்து நின்றதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். எதிரே நடைமேடைச் சுவரில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தெரியும். அது என் மூக்குக்கு நேராக இருந்தால் எட்டுப் பெட்டியும் நடைமேடைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அதை நோக்கி விரலை நீட்ட வேண்டும். அப்புறம்தான் கதவுப் பொத்தான். ஆள் இறங்கி, ஆள் ஏறி, கதவை மூடியதும் டிரைவருக்கு இரண்டு முறை பஸ்ஸர். வண்டி கிளம்பும். அடுத்த நிலையம், அடுத்த பலகை, அதே விரல்.

நாங்கள் இதைக் ‘கை காட்டுவது’ என்போம். ‘கை காட்டினியா?’ என்றால் ‘பார்த்தாயா?’ என்று அர்த்தம். இரண்டும் ஒன்றுதான் என்று பதினாறு வருஷம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

டிப்போவில் எனக்குப் பட்டாசு என்று பெயர். காரணம் என் வாய். கதவில் காலை வைத்து மறிக்கிறவர்களைச் சும்மா விட மாட்டேன். "பச்சைப் பை வச்சிருக்கவரே, காலு உங்களுது, கதவு எங்களுது. உங்களுதை நீங்க எடுத்துக்கங்க" என்று மைக்கில் சொன்னால் எட்டுப் பெட்டியும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அந்தக் கேபினும் பிடிக்கும். நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், ஆனாலும் அது என் இடம். இந்த வேலை போய்விட்டால் நான் யார் என்ற பயம் இன்றைக்கும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இது சமாதானம் ஆகாது, ஆனால் காரணம் இதுதான்.

அன்று காலை என் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் கணவரின் அக்கா. தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளத் தம்பியிடம் வருவார். தம்பி முடி திருத்துகிறவராக இருப்பதில் அவருக்கு இது ஒன்றுதான் லாபம் என்று அவரே சொல்வார். நான் சீருடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் முழுக்க நின்று நின்று கால் வீங்கிவிட்டது என்று என் கணவரிடம்தான் சொன்னேன், நாத்தனாரிடம் அல்ல.

"உனக்கென்னம்மா, கதவத் தொறக்குறதும் மூடுறதும்தானே. அதுக்கா கால் வீங்குது?" என்றார் நாத்தனார், தலையில் சாயத்தோடு.

என் கணவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். நான் பட்டாசு. ஆனால் வெடிக்க வேண்டிய நேரத்தில் நமுத்துப் போய்விட்டேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பதில் வண்டியில் வந்தது. எப்போதும் அப்படித்தானே வரும். ஒவ்வொரு நிலையமாக அதைச் செதுக்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும், ஆனால் குரல் உயரக் கூடாது, மரியாதையும் குறையக் கூடாது. பதினொன்றே முக்கால் மணிக்கு வண்டி மலிவுவிலைத் துணிக் கடைகள் இருக்கும் அந்த நிலையத்தில் போய் நின்றது. கண்ணாடியை இறக்கினேன். கை நீண்டது. மடங்கியது. பொத்தானை அழுத்திய அந்த நொடியில் வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டது.

‘அண்ணி, அந்தக் கதவத் தப்பான எடத்துல தொறந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?’

இதுதான் அந்த வாக்கியம். சத்தியமாக இதுதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கேபினில் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டாவது பெட்டியில் யாரோ ஆபத்துக் கைப்பிடியை இழுத்திருக்கிறார்கள். தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தேன். ஆறாவது பெட்டியோடு நடைமேடை முடிந்துவிட்டது. ஏழும் எட்டும் சுரங்கத்துக்குள் இருந்தன. அவற்றின் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே எரிந்த விளக்கின் வெளிச்சம் சுரங்கத்தின் கறுப்புச் சுவரில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

டிரைவருக்கு நிறுத்து பஸ்ஸர் கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பெட்டி ஓடினேன். எட்டாவது பெட்டியின் கடைசிக் கதவருகே கூட்டம். வண்டிக்கும் சுரங்கச் சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் உயரப் பள்ளத்தில், ஒரு பெண் கிடந்தாள். தையல்காரி. பள்ளிச் சீருடைகளைத் தைத்து, இரண்டு பெரிய பைகளில் திணித்து, கடையில் கொடுக்க எடுத்து வந்திருக்கிறாள். பைகள் கனம் என்பதால் கதவுக்கு முதுகைக் காட்டி, இரண்டையும் இழுத்துக்கொண்டே பின்பக்கமாக இறங்கியிருக்கிறாள். அவளைச் சுற்றி நீல நிறக் குட்டைப் பாவாடைகள் சிதறிக் கிடந்தன. வலது கால் பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் என் சீருடையைப் பார்த்தாள். என்னிடம் கோபப்படவில்லை. தன்னுடைய தவறை விளக்குவது போலச் சொன்னாள்.

"கதவு தொறந்துச்சும்மா. அதான் எறங்கினேன்."

டிரைவர் ஓடி வந்தார். அவரைக் கடிகாரம் என்போம். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக ஓட்டாதவர். மதிய நேரத்துக் கூட்டம் குறைந்த பாதைகளில் ஆறு பெட்டி வண்டி ஓடும். அதற்குக் கண்டக்டர் கிடையாது, டிரைவரே கதவையும் பார்த்துக்கொள்வார். கடிகாரம் மூன்று வாரமாக அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றுதான் மறுபடி எட்டுப் பெட்டிக்கு வந்திருந்தார். நடைமேடை முனையில் ஆறு பெட்டிக்கு ஒரு கோடும், தள்ளி எட்டுப் பெட்டிக்கு ஒரு கோடும் போட்டிருக்கும். அவர் பள்ளத்தைப் பார்த்தார், திரும்பி வண்டியின் தலைப்பக்கம் பார்த்தார்.

"ஆறுல நிறுத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தார். "நீ போர்டு பாத்தியாம்மா?"

"கை காட்டினேண்ணே" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் தலையை ஆட்டினார். மருத்துவ ஊழியர்கள் வரும்வரை இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தியிருந்தோம். அவர் சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு வைத்தார். நான் பாவாடைகளைப் பொறுக்கி மடித்துப் பையில் வைத்தேன். பதினெட்டோ இருபதோ இருக்கும். ஒவ்வொன்றையும் ஒழுங்காக மடித்தேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

எங்கள் இரண்டு பேரையும் அன்றே வண்டியிலிருந்து இறக்கி வைத்தார்கள். கடிகாரம் வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலையத்தில் சொன்ன அதே வரி. என்னிடம் காகிதம் கொடுத்தபோது தலை சுற்றுகிறது என்றேன். அதுவும் பொய் இல்லை. விசாரணையில் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கெட்டிக்காரர். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். நடைமேடைக் கேமராவில் பதிந்த படம். ஜன்னலுக்கு வெளியே என் தலை, என் கை, நீட்டிய விரல். விதிப் புத்தகத்தில் அச்சிடலாம், அவ்வளவு அழகாக நீட்டியிருந்தேன்.

"கேமராவுல உங்க கை இருக்கு. அது முதல் நல்லது" என்றார். "ரெண்டாவது நல்லது, கைக்கு நேரா என்ன இருக்குன்னு பாருங்க."

சுவரில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. பட்டை பட்டையாக. பக்கத்தில் ஓர் ஏணியும் இரண்டு வாளியும்.

"நம்ம போர்டு இல்ல. நம்ம போர்டு ரெண்டு பெட்டி தள்ளி இருக்கு. இது சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் வச்ச தடுப்புப் பலகை. வேலை நேரத்துல பட்டை போட்ட சாமான் எதையும் கண்டக்டர் கண்ணுல படுற மாதிரி வைக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. இப்ப சொல்லுங்க, நீங்க எதப் பாத்து கை காட்டினீங்க?"

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பலகையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"பாருங்கம்மா, பாக்காம தொறந்தீங்கன்னா வேலை போயிடும். ஒண்ணும் பண்ண முடியாது. இதப் பாத்து ஏமாந்தீங்கன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். நீங்க இதப் பாத்துத்தானே காட்டினீங்க?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என் கணவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் என் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். கடையில் ஊர்க்கதை முழுவதையும் வாயில் போட்டு மெல்லுகிற மனிதர், என்னிடம் கேட்கத் தயங்கினார்.

"நீ பாத்தியா இல்லையா? என்கிட்ட மட்டும் சொல்லு."

"தெரியல" என்றேன்.

"அப்ப பாத்திருப்ப. பதினாறு வருஷமா பாக்குறவ, அன்னைக்கு ஒருநாள் மட்டும் பாக்காம இருப்பியா?" என்றார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கு மட்டும்தானா என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னால் எத்தனை நூறு நாள் கை மட்டும் போய்விட்டு வந்ததோ, யார் கண்டது. எல்லா நாளும் பலகை இருந்த இடத்தில் இருந்ததால் நான் தப்பித்தேன்.

சாயங்காலம் நாத்தனார் ஒரு கிண்ணம் நிறையப் பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கதவத் தொறக்குறதுல இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எட்டு நிலையம் தாண்டி நான் செதுக்கி வைத்திருந்த பதில் எனக்குள் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. பழத்தை மென்று முழுங்கினேன்.

பத்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நடைபாதை. சுவரோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகள், சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர் இயந்திரம், அதன் கீழே யாரோ வைத்த பிளாஸ்டிக் டப்பா. ஒரு நாற்காலியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். நகக் கண்களில் நீலப் பெயிண்ட். பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அவரும் என் சீருடையைப் பார்த்தார்.

"அந்த வண்டியில நீங்கதானாக்கா?"

"ஆமா."

எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்களப் பாத்து மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேங்கா. ரெண்டே நிமிஷம். ஏணியத் தள்ளி வைக்கணும்னு பலகையத் தூக்கிச் சுவத்துல சாத்தினேன். வண்டி வந்துடுச்சு. எனக்கு அந்த விதியெல்லாம் தெரியாதுக்கா. யாரும் சொல்லல. ஆனா தெரியாதுன்னு சொன்னா அந்தம்மா காலு சரியாயிடுமா?"

அவருக்குப் பேச வேண்டியிருந்தது.

"பழைய பலகை மங்கிப் போயிருந்துச்சு. மேஸ்திரி சொல்லக்கூட இல்ல, நானா முந்தின நாள் உக்காந்து பட்டை போட்டேன். சிவப்பு புது டப்பா ஒடச்சு அடிச்சேன். பளிச்சுன்னு தெரியட்டும், யாரும் முட்டிக்கக் கூடாதுன்னுதான். நல்லதுக்கு அடிச்சது இப்படி வெனையாப் போச்சு."

"சிவப்பா?" என்றேன்.

"சிவப்பு வெள்ளைக்கா."

செயலாளர் காட்டிய ஜெராக்ஸ் படத்தில் அது கறுப்பாக இருந்தது. ஒரு வாரமாக என் மனசில் கறுப்பு வெள்ளைப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்த மாதிரியே எனக்கு நானே பழக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது ஞாபகமாகவே மாறத் தொடங்கியிருந்தது. இப்போது எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை. நான் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அந்தம்மாவப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நான் ரெண்டு தடவ போனேன். ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. மெஷின் மிதிக்கிற காலு. என்னத் திட்டவே இல்லக்கா. ‘நீ என்ன பண்ணுவ, உன் வேலைய நீ பாத்த’ன்னாங்க. எனக்குத் தூக்கமே வரல. நீங்க வெசனப்படாதீங்க. நீங்க முறையா கை காட்டியிருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லியிருக்கலாம். அந்த நடைபாதையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ‘தம்பி, உன் பலகையை நான் பார்க்கவே இல்லை, நிம்மதியாகத் தூங்கு’ என்று ஒரு வாக்கியம். நான்கு நொடி ஆகும். வாயைத் திறந்தேன். கடைநிலை ஊழியர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். மேசையில் தண்ணீர் வைத்திருந்தார். முதலில் என் பதினாறு வருஷப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு புகார் கூட இல்லையே" என்றார். "இருக்கு சார், மைக்கில ரொம்பப் பேசுறேன்னு மூணு புகார்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்படி வந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அதே ஜெராக்ஸ் தாளை என் பக்கம் திருப்பினார்.

"கை நீட்டியிருக்கீங்க. சரி. எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். பாத்து நீட்டினீங்களா, பழக்கத்துல நீட்டினீங்களா?"

"பாத்துத்தான் சார்."

"எத?"

"சுவத்துல இருந்த பலகைய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் படத்துல நிறம் தெரியாது. அசல் படம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்க பாத்த பலகையில என்ன நிறத்துல பட்டை இருந்துச்சு?"

அந்த அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் திரையில் ஒரு கொக்கி கழன்று தொங்கியது. எழுத்தர் பேனாவைத் தாளின் மேல் வைத்துக் காத்திருந்தார். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் கறுப்பு என்று சொல்லியிருப்பேன், அங்கேயே மாட்டியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான்.

"சிவப்பு வெள்ளை சார்" என்றேன்.

பேனா ஓடியது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நிம்மதி. "நம்ம போர்டு கறுப்பு வெள்ளையாச்சே. சிவப்பப் பாத்து எப்படி ஏமாந்தீங்க?"

"அன்னைக்கு சுவரு பூரா பெயிண்ட் அடிச்சிட்டிருந்தாங்க சார். நம்ம போர்டையும் புதுசா மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நாத்தனாருக்கு ஒரு பதில் சொல்ல எட்டு நிலையம் தேவைப்பட்டது. இதற்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதிகாரி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே வந்தபோது பெயிண்டர் மறுபடி எழுந்து நின்றார்.

"நல்லபடியா முடிஞ்சுதாக்கா?"

"ம்."

"போயிட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில்கூட என் பதினாறு வருஷத்தை இரண்டு வரி பாராட்டியிருந்தார்கள். பெயிண்டருடைய அனுமதி அட்டையைப் பறித்துவிட்டார்கள். இனி எந்த நிலையத்திலும் அவர் தூரிகை எடுக்க முடியாது. அவரைக் கூட்டி வந்த மேஸ்திரியையும் அனுப்பிவிட்டார்கள். அந்த நிலையத்துச் சுவர் பாதி நீலமும் பாதி பழைய அழுக்குமாக நின்றுபோனது.

கடிகாரத்தைப் பணிமனையில் காலி வண்டி நகர்த்தப் போட்டுவிட்டார்கள். ஒருநாள் உணவகத்தில் பார்த்தேன். தன் கோப்பையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"சொல்லிட்டேண்ணே."

"நான் ஆறுல நிறுத்தினேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல" என்றார். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரம் பார்த்துக்கொண்டு போனார். அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரியாத மனிதர். எனக்குத்தான் குத்தியது.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போனேன். வார்டு வாசல்வரை. கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெண் யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கால் கட்டோடு உயரத்தில் தொங்கியது. வாங்கிப்போன பிஸ்கட்டை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

இப்போது நான் பலகையைப் பார்க்கிறேன். பார்த்த பிறகும் பார்க்கிறேன். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு நொடி கூடுதலாகிறது. புது டிரைவர் சலித்துக்கொள்கிறார். மைக்கில் பேசுவதை நிறுத்திவிட்டேன். கதவில் காலை வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கிறார்கள். "பட்டாசு நமுத்துப் போச்சு" என்று டிப்போவில் கேலி செய்கிறார்கள். அடிபட்ட பெண்ணை நினைத்து வருந்துகிறேன் என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நல்ல மனசு என்கிறார்கள்.

போன வாரம், மதியம் பன்னிரண்டு மணி இருக்கும், வண்டி அந்த நிலையத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன். பலகை இருந்தது. அதற்குக் கீழே, அரை நீலச் சுவரில் சாய்ந்துகொண்டு பெயிண்டர் நின்றிருந்தார். தோளில் ஏதோ ஒரு கடையின் பெரிய சாமான் பை. முடி வெட்டி நாளாகியிருந்தது. நகத்தில் நீலம் இல்லை.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. நான் இன்னும் கையை நீட்டவில்லை, நீட்ட முடியவில்லை. நான் தயங்குவதைப் பார்த்தார். இன்னமும் பயப்படுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டென்று சுவரை விட்டு விலகி நின்றார், தன் பையை எடுத்து வெகுதூரம் தள்ளி வைத்தார், பிறகு தன் ஆள்காட்டி விரலை உயர்த்திப் பலகையைத் தொடுகிற மாதிரி நீட்டினார்.

"இதுதாங்கா நம்ம போர்டு. கறுப்பு வெள்ளை. நல்லாப் பாத்துட்டேன். தைரியமாத் தொறங்க."

டிரைவர் உள்பேசியில் என்ன தாமதம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் விரலுக்கு நேராக என் விரலையும் நீட்டினேன். பொத்தானை அழுத்தினேன்.

கதவு திறந்தது. அவர் ஓடிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, கீழே குனிந்துகூடப் பார்க்காமல், என் வண்டியில் ஏறினார்.